ஸ்கேன் படத்தை 3டி-யில் பார்த்துச் சிகிச்சையைத் திட்டமிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை என்றோ, புற்றுநோய்க்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க வேண்டும் என்றோ பேச்சு வந்ததும், டாக்டர் கணினித் திரையில் ஒரு கல்லீரலையோ மண்டையோட்டையோ சுழற்றிக் காட்டுகிறார். அதைப் பார்த்துவிட்டு வருபவர்கள் கேட்கும் கேள்விகளும், இந்தத் துறைக்குள் வர நினைக்கும் மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் இங்கே கலந்திருக்கின்றன. உதாரணங்கள் பெரும்பாலும் கல்லீரலிலிருந்தும் கதிர்வீச்சுச் சிகிச்சையிலிருந்தும் வருகின்றன. இந்தப் படங்களின் வேலை அந்த இரண்டிலும்தான் நன்றாகத் தெரியும்.

திரையில் சுழல்வது என் கல்லீரலேதானா, யாரோ வரைந்த படமா?

இரண்டும் கலந்தது. சி.டி. ஸ்கேன் கருவி அடிப்படையில் படம் எடுப்பதில்லை, எண்களைத் தருகிறது. உடலின் ஒரு குறுக்குவெட்டை 512-க்கு 512 கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எக்ஸ்-கதிர் எவ்வளவு மட்டுப்பட்டது என்று ஓர் எண்ணைப் போடுகிறது. தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, கொழுப்புக்கு -100-ஐ ஒட்டி, எலும்புக்குச் சில நூறிலிருந்து ஆயிரத்துக்கு மேலும். சி.டி.-யை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் இந்த அளவுகோல் வழங்குகிறது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளையை ஸ்கேன் செய்தபோது கட்டங்கள் 80-க்கு 80தான். இன்று வயிற்றுக்கு 500 வெட்டுகள் எடுத்தால் சுமார் 13 கோடி எண்கள் கிடைக்கும். கட்டத்துக்கு வெட்டின் தடிமனையும் சேர்த்தால் அது ஒரு சின்னப் பெட்டி. அதைத்தான் வாக்சல் என்கிறார்கள்.

அந்த எண்கள் உங்களுடையவை. ஆனால் "இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை சிவப்பு", "இந்த ஓரத்தோடு கல்லீரல் முடிகிறது" என்பதெல்லாம் மனிதரோ மென்பொருளோ எடுத்த முடிவு. சிரைக்கு நீலம், தமனிக்குச் சிவப்பு என்பது வெறும் வழக்கம். படத்தைப் பார்க்கும்போது இந்தப் பிரிவினை மனதில் இருந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

ரிப்போர்ட்டும் ஃபிலிமும் இருக்கின்றன. 3டி எதற்கு?

நோய் என்னவென்று கண்டுபிடிக்கப் பெரும்பாலும் தேவையில்லை. கதிரியக்க மருத்துவர் வெட்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தே ரிப்போர்ட் எழுதுகிறார், அதுதான் சரியான முறையும்கூட.

சிகிச்சை என்று வரும்போது கேள்வி மாறுகிறது. எந்தப் பக்கமாக உள்ளே போவது, வழியில் எந்தக் குழாய் குறுக்கிடும், வெட்டியபின் எவ்வளவு மிஞ்சும்? வெள்ளரிக்காயைச் சாய்த்து நறுக்கினால் துண்டு நீள்வட்டமாக வருவதுபோல, சாய்ந்து ஓடும் ரத்தக் குழாய் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு நீள்வட்டமாகத்தான் தெரியும். நூறு நீள்வட்டங்களை மனதில் கோத்து, "இது இங்கே இரண்டாகப் பிரிந்து கட்டிக்குப் பின்னால் போகிறது" என்று சொல்ல அனுபவம் வேண்டும். அனுபவம் உள்ள இரண்டு பேர் மனதில் கோக்கும் உருவமும் ஒன்றாக இருக்கும் என்பதில்லை. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், கதிரியக்க மருத்துவர் எல்லோரும் ஒரே உருவத்தை வைத்துப் பேச முடிவதுதான் 3டி-யின் முதல் பயன்.

சுழற்றுவது, வெட்டிப் பார்ப்பது எல்லாம் நோயாளியை அசத்தவா?

சில இடங்களில் அதற்கும் பயன்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அசையாத 3டி படம் திட்டமிடலுக்குச் சாதாரண வெட்டுப் படத்தைவிட மோசமானது. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும், ஆழம் தெரியாது. சுழற்றினால்தான் எது முன்னே, எது பின்னே என்று கண்ணுக்குப் புரிகிறது.

அதைவிட முக்கியமானது, கேள்வி கேட்டால் உடனே பதில் வருவது. வெட்டும் தளத்தை ஒரு சென்டிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தினால் மிச்சம் எவ்வளவு? ஊசியை இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே இந்தக் கோணத்தில் செலுத்தினால் நுரையீரலில் படுமா? இந்த மாதிரிக் கேள்வி எதையும் கேட்காமல் படத்தைச் சுழற்ற மட்டும் செய்கிறார்கள் என்றால் அது காட்சிதான்.

கல்லீரல் தானத்தில் இதை வைத்து என்ன செய்கிறார்கள்?

இந்தியாவில் கல்லீரல் மாற்று அறுவைகளில் பெரும்பகுதி, உயிருடன் இருப்பவர், அதுவும் குடும்பத்தில் ஒருவர், கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்து நடப்பது. ஆகவே ஒரே படத்திலிருந்து இரண்டு பேருக்குக் கணக்குப் போட வேண்டும். வாங்குபவருக்கு, பொருத்தும் துண்டின் எடை அவருடைய உடல் எடையில் 0.8 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது வழக்கமான வரையறை. 60 கிலோ எடை என்றால் 480 கிராம். சில குழுக்கள் இன்னும் குறைவாகவும் ஏற்கின்றன. கொடுப்பவருக்கு, மொத்தத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வலது மடலைத்தான் எடுக்கிறார்கள், அதுவே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதனால் கொடுப்பவர் பக்கம் கணக்கு எப்போதும் இறுக்கமாகவே இருக்கும்.

இதுவரை வெறும் கன அளவு. சிக்கல் ரத்தக் குழாய்களில் ஆரம்பிக்கிறது. பிரெஞ்சு மருத்துவர் குளோத் குய்னோ 1950-களில் கல்லீரலை 8 பிரிவுகளாக வகுத்தார். உள்ளே வரும் போர்ட்டல் சிரையின் கிளைகளை வைத்துச் செய்த பிரிவு அது. ஆனால் வெளியே போகும் சிரைகள் அந்தப் பிரிவுகளுக்கு நடுவே ஓடுகின்றன. வலது மடலுக்கும் இடது மடலுக்கும் எல்லையில் நடுக் கல்லீரல் சிரை இருக்கிறது. வலது மடலின் முன்பகுதி, அதாவது 5, 8 ஆகிய பிரிவுகள், ரத்தத்தைக் கணிசமாக அதில்தான் வடிக்கின்றன. அந்தச் சிரையைக் கொடுப்பவரிடமே விட்டுவிட்டு மடலை மட்டும் எடுத்தால் முன்பகுதிக்கு ரத்தம் உள்ளே வரும், வெளியேற வழி இருக்காது. வீங்கிப்போகும். தராசில் 600 கிராம் காட்டிய துண்டில் முழுதாக வேலை செய்வது 450 கிராமாக இருக்கலாம். சிரையையும் சேர்த்து எடுத்தால் இதே ஆபத்து கொடுப்பவரிடம் மிஞ்சும் பகுதிக்குப் போய்விடுகிறது.

அப்போது திரையில் ஒவ்வொரு சிரைக் கிளையையும் சொடுக்கினால் அது வடிக்கும் பகுதி தனி நிறத்தில் தெரியும், எத்தனை மில்லிலிட்டர் என்றும் வரும். கிளை பெரியது என்றால் அதை வாங்குபவரின் உடலில் தனியாக இணைக்க வேண்டும் என்று அறுவைக்கு முன்பே முடிவெடுக்கலாம். ஜெர்மனியின் பிரெமன் நகரில் கணிதவியலாளர் ஹைன்ஸ்-ஓட்டோ பைட்கன் 1995-இல் தொடங்கிய மெவிஸ் நிறுவனம் இந்த வகை ஆய்வுக்குப் பேர்போனது. மருத்துவமனைகள் ஸ்கேன் தரவை அனுப்பிவைக்கும், பகுப்பாய்வு திரும்பி வரும்.

ஒரு எச்சரிக்கை. "இந்தக் கிளை வடிக்கும் பகுதி இது" என்று கணினி சொல்வது, பெரும்பாலும் எந்த வாக்சல் எந்தக் கிளைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற ஊகத்தை வைத்துத்தான். ரத்தம் ஓடியதை யாரும் பார்க்கவில்லை. ஸ்கேனில் தெரியாத நுண்குழாய்கள் பக்கத்துக் கிளைக்கு வழி வைத்திருக்கக்கூடும்.

கட்டியை அகற்றும் அறுவைக்கும் இதே கணக்கா?

ஏறக்குறைய. ஆரோக்கியமான கல்லீரல் என்றால் 20 முதல் 25 சதவீதம் மிஞ்சினால் போதும் என்பார்கள். நீண்ட நாள் கீமோ எடுத்தவருக்கு 30, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) இருந்தால் 40. மிச்சம் போதாது என்று திரையில் தெரிந்தால், நோயுள்ள பக்கத்துப் போர்ட்டல் கிளையை முதலில் அடைத்து, மறுபக்கம் வளரச் சில வாரங்கள் காத்திருந்து, மறுபடி ஸ்கேன் எடுத்து அளந்த பிறகு அறுவைக்குப் போவதும் உண்டு.

கணினி சொன்ன எடையும் அறுவையில் எடுத்த எடையும் ஒத்துப்போகுமா?

அப்படியே ஒத்துப்போகாது. ஸ்கேனில் கல்லீரல் ரத்தம் நிரம்பி இருக்கிறது, வெட்டி எடுத்துக் கழுவிய துண்டில் ரத்தம் இல்லை. அதனால் கணினிக் கணக்கு பொதுவாகக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அனுபவமுள்ள குழு இதையும் சேர்த்தே முடிவெடுக்கும். 478 கிராம், 482 கிராம் என்று கடைசி இலக்கம் வரை நம்பிச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

கரண்ட் வைக்கும் சிகிச்சையில் 3டி எங்கே வருகிறது?

ஆரம்பத்திலிருந்தே. அங்கே உடலைத் திறந்து பார்க்கும் வாய்ப்பே கிடையாது, எல்லாமே படத்தை நம்பித்தான். சிகிச்சை எந்த நிலையில் நடக்குமோ அதே நிலையில் படுக்கவைத்து, தலை கழுத்து என்றால் முகத்துக்கு மாஸ்க் பொருத்தி, சி.டி. எடுக்கிறார்கள். பிறகு மருத்துவர் அந்த வெட்டுகளில் மூன்று எல்லைகளை வரைகிறார். கண்ணுக்குத் தெரியும் கட்டி ஒன்று. அதைச் சுற்றி, தெரியாவிட்டாலும் நோய் பரவியிருக்கக்கூடிய பகுதி இரண்டாவது. மூச்சு, அசைவு, தினமும் படுக்கவைப்பதில் வரும் சின்ன வித்தியாசம் எல்லாவற்றையும் தாங்க இன்னும் ஒரு ஓரம் மூன்றாவது. ஐ.சி.ஆர்.யு. என்ற சர்வதேச ஆணையம் 1993-இல் வெளியிட்ட 50-ஆவது அறிக்கையிலிருந்து உலகம் முழுக்க இந்த முறைதான்.

மூன்றாவது ஓரத்தின் விலை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டியின் கன அளவு சுமார் 14 மில்லிலிட்டர். சுற்றிலும் 5 மில்லிமீட்டர் சேர்த்தால் 33-ஐத் தாண்டிவிடும். இரண்டு மடங்குக்கும் மேல். கூடுவதெல்லாம் பெரும்பாலும் நல்ல திசு. "மாஸ்க் ஏன் இவ்வளவு இறுக்கம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். அசைவு குறைந்தால் ஓரத்தைக் குறைக்கலாம்.

அடுத்து, கதிர் எந்தக் கோணங்களில் வர வேண்டும் என்று பார்ப்பது. கதிர் புறப்படும் இடத்தில் நம் கண்ணை வைத்துப் பார்ப்பதுபோல ஒரு காட்சி திட்டமிடும் மென்பொருளில் உண்டு. 1980-களில் வந்தது. அந்தக் கோணத்திலிருந்து பார்க்கும்போது தண்டுவடம் கட்டிக்கு நேர் பின்னால் நின்றால் கோணத்தை மாற்றிப் பார்ப்பார்கள். இன்று கதிரின் வடிவத்தையும் வலிமையையும் கணினியே தேடிக் கண்டுபிடிக்கிறது என்றாலும், வந்த விடையைச் சோதிக்க இந்தக் காட்சிதான் உதவுகிறது.

கடைசியில் ஒரு வரைபடம் வரும். எந்த உறுப்பின் எத்தனை சதவீதத்துக்கு எத்தனை கிரே (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு) கதிர் போகிறது என்று சொல்லும் கோடுகள். உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26 கிரேக்குள், தண்டுவடத்தில் எந்த இடத்திலும் 45 முதல் 50 கிரேக்கு மேல் போகாமல் என்பதுபோன்ற வரம்புகளை இதில் பார்ப்பார்கள். ரொம்ப வசதியான வரைபடம், அதனாலேயே ஆபத்தும்கூட. எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. இரண்டு திட்டங்களின் கோடுகள் ஒன்றாகவே இருக்கும், ஆனால் ஒன்றில் அதிகக் கதிர் விழும் புள்ளி கட்டிக்குள் இருக்கும், மற்றதில் உணவுக்குழாயின் சுவரில் இருக்கும். அதனால் நல்ல இயற்பியலாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு வெட்டாகத் திரும்பப் போய்ப் பார்ப்பார்.

ஏற்கெனவே எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்று. மறுபடி ஏன் சி.டி.?

கதிர் திசுவுக்குள் எப்படி மட்டுப்படும் என்று கணக்கிட எலக்ட்ரான் அடர்த்தி தேவை. அதை சி.டி. எண்ணிலிருந்து பெறலாம். எம்.ஆர்.ஐ.-யின் எண்களுக்கு அப்படி ஒரு நிலையான அளவுகோல் கிடையாது, கருவிக்குக் கருவி மாறும். ஆனால் மூளைக் கட்டியின் ஓரம் எம்.ஆர்.ஐ.-யில்தான் நன்றாகத் தெரியும். ஆகவே இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். பொருத்தியதில் 2 மில்லிமீட்டர் பிசகினால் திரையில் அழகாகத்தான் இருக்கும், கதிர்தான் 2 மில்லிமீட்டர் தள்ளி விழும்.

எக்ஸ்-கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைச் செலுத்தும் புரோட்டான் சிகிச்சையில் இது இன்னும் கறார். சென்னை தரமணியில் 2019-இல் தொடங்கிய அப்போலோ மையம் இந்தியாவின் முதல் புரோட்டான் மையம். புரோட்டான் ஓர் ஆழம் வரை போய் நின்றுவிடும், அதுதான் அதன் பலம். எங்கே நிற்கும் என்பதை சி.டி. எண்ணை வைத்துக் கணக்கிடுவதால், அந்த ஆழத்தில் சுமார் 3.5 சதவீதம் வரை பிசகலாம் என்று ஓரம் விட்டுத் திட்டமிடுவது வழக்கம்.

உறுப்புகளின் ஓரத்தை வரைவது யார்? ஏ.ஐ.-யா?

முதல் வரைவு இப்போது பெரும்பாலும் ஏ.ஐ.தான். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1,204 சி.டி. ஸ்கேன்களைக் கொண்டு உருவாக்கிய டோட்டல்செக்மென்டேட்டர் என்ற இலவசக் கருவி, முதல் பதிப்பிலேயே 104 உறுப்புகளையும் எலும்புகளையும் தானாகப் பிரித்தது. கையால் மணிக்கணக்கில் செய்த வேலை இப்போது சில நிமிடம்.

சாதாரணமான உடலில் நன்றாகச் செய்கிறது. நோயாளியின் உடல்தான் சாதாரணமாக இருப்பதில்லையே! கட்டி அழுத்தி இடம் மாறிய குழாய், ஏற்கெனவே ஓர் அறுவை நடந்த வயிறு, உலோகத்தால் ஏற்படும் கீற்றுகள் என்று எங்கே உதவி அதிகம் வேண்டுமோ அங்கேதான் தடுமாறுகிறது. தவறும்போதுகூட மழமழவென்று, நம்பும்படியான ஓரத்தைத் தருகிறது என்பது எனக்கு இதில் பிடிக்காத விஷயம். 1 சென்டிமீட்டர் கட்டியில் ஓரத்தைச் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் தள்ளி வரைந்தால் கன அளவு 73 சதவீதம் கூடிவிடும். அதனால் மருத்துவர் ஒவ்வொரு வெட்டிலும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். 3டி உருவத்தைச் சுழற்றிப் பார்த்து "சரி" என்று சொல்வது ஒப்புதல் ஆகாது. ஓரம் சரியா என்பது தட்டையான வெட்டில், அசல் சாம்பல் நிறத்தின் மேல் கோட்டை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சர்ஃபேஸ், வால்யூம் என்று இரண்டு வகை சொல்கிறார்கள். என்ன வித்தியாசம்?

முதல் வகை, ஓரத்தை முதலில் முடிவு செய்து அதை லட்சக்கணக்கான சின்ன முக்கோணங்களால் போர்த்துவது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வில்லியம் லோரன்சன், ஹார்வி கிளைன் இருவரும் 1987-இல் வெளியிட்ட மார்ச்சிங் க்யூப்ஸ் என்ற வழிமுறை இன்றும் இதற்கு அடிப்படை. அளக்கவும், வெட்டவும், 3டி அச்சில் போடவும் இது வசதி.

இரண்டாவது வகையில் ஓரத்தை முடிவு செய்வதே இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நிறமும் ஒளிபுகும் தன்மையும் கொடுத்து, எல்லா வாக்சல்களையும் ஊடுருவிப் பார்ப்பது. மார்க் லெவாய் உள்ளிட்டோர் 1988 வாக்கில் இதற்கு அடித்தளம் போட்டார்கள். அப்போது ஒரு படம் வர நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்று விளையாட்டுக்காக வாங்கிய கிராஃபிக்ஸ் அட்டையே நொடிக்குப் பல படங்கள் தந்துவிடுகிறது. கான்ட்ராஸ்ட் (ஸ்கேனில் குழாய் பளிச்சென்று தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) ஏறிய ரத்தக் குழாயின் எண்ணும் எலும்பின் எண்ணும் ஒன்றோடொன்று கலப்பதால், குழாயைக் காட்டினால் விலா எலும்பும் கூடவே வந்து நிற்கும். அது இதன் தொல்லை.

சினிமாட்டிக் என்று சமீபத்தில் வந்த வகை, ஒளி தெறிப்பதையும் நிழல் விழுவதையும் கணக்கிட்டு நிஜப் புகைப்படம்போலக் காட்டும். கண்கொள்ளாக் காட்சி. ஆனால் நிழல் விழுந்த இடத்தில் ஒரு சின்னக் கிளை ஒளிந்துகொள்ளலாம். மாணவர்களுக்குக் கற்பிக்க அதை எடுப்பேன், வெட்டும் தளத்தை முடிவு செய்ய எடுக்க மாட்டேன்.

எங்கள் ஸ்கேனை 3டி-யாக்கினால் படிக்கட்டு மாதிரி வருகிறதே?

வெட்டுகள் 5 மில்லிமீட்டர் தடிமனில் வந்திருக்கும். ரிப்போர்ட் எழுத அது போதும். திட்டமிட 1 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு வேண்டும். 5 மில்லிமீட்டர் தடிமனில் 1 சென்டிமீட்டர் கட்டி இரண்டே வெட்டுகளில் முடிந்துவிடும். மெல்லிய வெட்டுகள் இருக்கின்றனவா என்று ஸ்கேன் சென்டரில் உடனே கேளுங்கள். கருவியில் மூலத் தரவு இருக்கும்வரை மறுபடி ஸ்கேன் எடுக்காமலே மெல்லிய வெட்டுகளைத் தயாரிக்கலாம். இடம் போதாது என்று மூலத் தரவைச் சில நாட்களில் அழித்துவிடுவது வழக்கம்.

மூளை அறுவையிலும் இதுதானா?

ஆம், ஆனால் ஒரு தொல்லை கூடுதல். மண்டையைத் திறந்ததும் நீர் வடிந்து மூளை தாழ்கிறது. சில சமயம் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். நேற்றைய படம் இன்றைய மூளையோடு பொருந்தாது. அதனால் அறுவை நடக்கும்போதே அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.-யோ எடுத்துத் திருத்துகிறார்கள். வண்ண வண்ணமாகத் தெரியும் நரம்பிழைகளும் நேரடியாக எடுத்த படமல்ல, தண்ணீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் அசைகின்றன என்பதிலிருந்து கணித்தவை.

வி.ஆர். கண்ணாடி, 3டி அச்சு எல்லாம் தேவையா?

தாடை எலும்பைக் கால் எலும்பு வைத்துச் சீரமைக்கும் அறுவைக்கு அச்சு மாதிரி மிகவும் உதவும், எலும்பைப் பிடிக்கும் உலோகத் தகட்டை முன்கூட்டியே வளைத்து வைக்கலாம். பிறவி இதயக் கோளாறுகளிலும் பயன் உண்டு. மற்றபடி நல்ல திரையும் பொறுமையும் போதும்.

என் ஸ்கேனை நானே பார்க்க இலவச மென்பொருள் இருக்கிறதா?

இருக்கிறது. 3டி ஸ்லைசர் 1998-இல் பாஸ்டனின் பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையும் எம்.ஐ.டி.-யும் சேர்ந்து தொடங்கியது, மூல நிரலும் இலவசம். பிரேசிலின் காம்பினாஸ் நகரில் அரசு ஆய்வு மையம் உருவாக்கிய இன்வெசாலியஸ் இன்னும் எளிது. ஃபிலிமை மொபைலில் படம் எடுத்தால் ஆகாது, டிஸ்க்கில் அல்லது லிங்க்கில் வரும் டைகாம் கோப்புகள் (ஸ்கேனின் அசல் எண்கள் அடங்கிய மருத்துவப் படக் கோப்புகள்) வேண்டும். கதிர்வீச்சுத் திட்டங்களைப் பார்க்க ஸ்லைசருக்குத் தனி இணைப்பும் உண்டு.

ஸ்லைசர் சிகிச்சைக்கான மருத்துவக் கருவியாக அங்கீகாரம் பெற்றதல்ல, ஆராய்ச்சிக்கானது. கற்றுக்கொள்ளவும் டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தெளிவாக்கிக்கொள்ளவும் பயன்படுத்துங்கள். அதில் அளந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் வாதாடாதீர்கள்.

ஸ்கேனை இணையத்தில் போட்டு யாரிடமாவது கருத்துக் கேட்கலாமா?

பெயரை அழித்தாலும் தலை ஸ்கேன் என்றால் யோசியுங்கள். அதை 3டி-யாக்கினால் முகம் வந்துவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட சோதனையில், 84 பேரின் எம்.ஆர்.ஐ.-யிலிருந்து உருவாக்கிய முகங்களைச் சாதாரணப் புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது, முகம் அறியும் மென்பொருள் 70 பேரைச் சரியாக அடையாளம் கண்டது. முகப் பகுதியை நீக்கும் கருவிகள் உண்டு. நீக்கிய பிறகு பகிருங்கள்.

டிஸ்க்கை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

தூக்கிப் போடவே வேண்டாம். கதிர்வீச்சு எடுத்தவர்கள் ஸ்கேனோடு திட்டத்தின் டைகாம் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். வரைந்த ஓரங்கள், கதிர்களின் அமைப்பு, எந்த வாக்சலுக்கு எவ்வளவு கிரே என்ற அளவு ஆகிய மூன்றும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். சில வருடம் கழித்து அதே இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி கரண்ட் வைக்க வேண்டி வந்தால், தண்டுவடம் ஏற்கெனவே எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று புதிய மருத்துவமனை முதலில் கேட்கும். டிஸ்ச்சார்ஜ் தாளில் மொத்தம் 60 கிரே என்று மட்டும் இருந்தால் அதிலிருந்து தண்டுவடத்தின் கணக்கை எடுக்க முடியாது. டிஸ்க் கீறிப்போகும், அதனால் பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.